நழுவாத நாற்காலி

"ஆபீஸ்ல உனக்கு என்னதாம்மா வேலை? நாற்காலி செய்யறியா?"

"செய்யறது வெல்டருங்க மாமா. ஜனங்களுக்கு என்ன வேணும்னு கேட்டு, அதை அளவா மாத்திக் குடுக்கறது நான்."

"கேக்கறதை அளவா மாத்தறதா? ஒண்ணும் புரியலையே."

"உங்க பஸ்ஸையே எடுத்துக்கோங்க. ஏறினவங்க 'கொஞ்சம் வேகமாப் போப்பா'ன்னு கத்துவாங்கல்ல?"

"கத்தாத நாள் உண்டா?"

"அப்போ என்ன செய்வீங்க?"

"மிதிப்பேன். வேற என்ன செய்யறது?"

"மிதிச்சா?"

"மிதிச்சா, அடுத்த பள்ளத்துல அதே ஆளு 'யோவ், மனுஷனை ஏத்திட்டுப் போறியா, மூட்டையை ஏத்திட்டுப் போறியா'ன்னு கத்துவான்."

"பாத்தீங்களா! அவர் கேட்டது வேகமே இல்ல மாமா. ஸ்டாப்புல ஆள் சேர்றதுக்காகக் காத்துக் கிடக்காதேன்னு கேட்டிருக்கார். வாயில வந்தது வேகம், மனசுல இருந்தது வேற. அந்த வேறயைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்."

மாமனார் வயிறு குலுங்கச் சிரித்தார். "அடிப்பாவி! இது தெரியாம முப்பது வருஷமா மிதிச்சுத் தள்ளியிருக்கேனே!"

கல்யாணமாகி வந்த புதிதில், சமையலறை வாசலில் நின்றபடி நடந்த பேச்சு அது. அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் டிரைவர் எச்சரிக்கை செய்து வைப்பார். "என் மருமககிட்ட ஜாக்கிரதை. நீங்க மனசுல நினைக்கறதை டேப் வச்சு அளந்துடுவா."

அதே டிரைவர் இப்போது மழைக்காலம் தொடங்கியதிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

போன வருஷம் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். வலது கையும் வலது காலும் போய்விட்டன. நாக்கு பாதி மிஞ்சியது. ஒரு சொல் வெளியே வருவதற்குள் டம்ளரில் ஊற்றிய டீ ஆறிவிடும். முதலில் முயன்று பார்க்கத்தான் செய்தார். ஆனால் அந்த வீட்டில் யாருக்கும் டீ ஆறும் வரை பொறுமை கிடையாது. அவர் வாயைத் திறந்தால் அத்தை முடித்து வைப்பாள். "தண்ணியா? இந்தாங்க." தண்ணீராக இருக்காது. "போர்வையா? இருங்க." போர்வையாகவும் இருக்காது. மகன் இன்னும் வேகம். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். விசில் ஊதினால் இருநூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கையைத் தூக்கிப் பழகிய ஆள். "ஃபேனைக் குறைக்கணுமாப்பா? கூட்டணுமா? எதுன்னு சொல்லுங்க சட்டுனு." சட்டென்று சொல்லக் கூடியவராக இருந்தால் அவர் ஏன் கட்டிலில் கிடக்கிறார்? ஒருநாள் டிரைவர் உதட்டை இறுக்க மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அவ்வளவுதான்.

மழை விட்டபாடில்லை. துவைத்த துணி காயாமல் ஹால் முழுக்கக் கொடி கட்டியிருந்தது. ஈரப் போர்வைகளுக்கு அடியில் குனிந்து குனிந்துதான் சமையலறைக்குப் போக வேண்டும். வீடே நனைந்த நாய் மாதிரி நாறியது. இதற்கு நடுவில் அவரைக் குளிப்பாட்டுவது. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் தூக்கி வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் தண்ணீர் ஊற்றி அத்தைதான் அத்தனை நாளும் செய்தாள். கடைசியில் அவளுடைய இடுப்புப் பிடித்துக்கொண்டது. குளியல் நின்று ஈரத்துணித் துடைப்பு ஆனது. வாராவாரம் வந்து பார்க்கும் நர்ஸ் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"சிவந்து போயிருக்கு பாருங்க. தோல் உரிஞ்சா புண்ணு. புண்ணு வந்தா ஆஸ்பத்திரிதான். இவரை நல்லாத் தண்ணி ஊத்திக் குளிப்பாட்டியே ஆகணும்."

"அதுக்கென்ன, என் நாற்காலி இருக்கே" என்றாள் மருமகள்.

அவள் சும்மா சொல்லவில்லை. நடமாட முடியாதவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கான கட்டில்களும் நாற்காலிகளும் செய்கிற கம்பெனியில்தான் அவளுக்கு வேலை. இந்த வருஷம் புதிதாக ஒரு குளியல் நாற்காலி. நாற்பது வீடுகளுக்கு நேரில் போய், அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டு வந்திருந்தாள். ஆபீஸ் சுவரில் பெரிய தாளாக ஒட்டி, இடப்பக்கம் அவர்கள் சொன்ன வார்த்தை, வலப்பக்கம் அதற்கு ஈடான அளவு. எது முக்கியமோ அதற்கு அதிக மதிப்பெண். 'குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு' என்பதற்குத்தான் முதல் மதிப்பெண். அதனால் இருக்கை உயர்ந்தது. சக்கரத்து பிரேக் பின்னால், தள்ளுகிறவரின் பாதத்துக்கு நேராகப் போனது. மிதித்தால் நிற்கும், குனியவே வேண்டாம். 'நழுவிடுவாரோன்னு பயமா இருக்கு' என்பது அடுத்தது. அதற்காக மார்புக்குக் குறுக்கே அகலமான பெல்ட்டும், பின்பக்கமாகச் சாய்ந்த இருக்கையும், ஈரத்திலும் வழுக்காத சொரசொரப்பும். வெல்டரும் அவளும் மூன்று முறை குழாயை வளைத்துப் பார்த்துக் கடைசியில் திருப்தியானார்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றிய பலகையில் மணல் மூட்டையைக் கட்டி ஆட்டிப் பார்த்தார்கள். மூட்டை அசையவில்லை. வெல்டர் கைதட்டினான்.

மாதிரிக்குச் செய்த அந்த நாற்காலியைத்தான் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தாள்.

மணல் மூட்டை அசையாத நாற்காலியில் டிரைவர் ஆடிய ஆட்டம் கொஞ்சமில்லை. முதல் நாள், கட்டிலிலிருந்து மாற்றி உட்கார வைக்கும்வரை பேசாமல் இருந்தார். அத்தை பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளியதும் தொண்டையிலிருந்து ஒரு உறுமல் வந்தது. குளியலறைக் கதவு நிலையை இடது கையால் பிடித்தவர் விடவே இல்லை. இரண்டாம் முறை, நிலைக்குப் பக்கத்தில் போகாமல் நடுவாகத் தள்ளிப் போனார்கள். இடது கை தொப்பென்று பக்கவாட்டில் கீழே விழுந்து, அங்கே தொங்கிய அத்தையின் சேலையைக் கொத்தாகப் பிடித்து மேலே இழுத்தது. கொசுவம் அவிழ்ந்துவிட்டது.

"இந்த வயசுல இவருக்கு வந்திருக்கிற புத்தியைப் பாரு!" என்று அத்தை கத்தினாள். "கட்டின நாள்லேருந்து கூட்டத்துல என் பக்கத்துல நிக்கக் கூச்சப்பட்ட மனுஷன், இப்போ மருமக முன்னாடி சேலையைப் பிடிச்சு இழுக்கறாரே!"

"அது ஏதோ நரம்பு இழுப்பா இருக்கும் அத்தை."

"நரம்பும் இல்ல, கரும்பும் இல்ல. கொழுப்பு!"

மூன்றாம் முறை தண்ணீர்க் கோப்பை பறந்து வந்து மருமகளின் நெற்றியில் பட்டது.

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நெற்றி வீக்கத்தோடு ஆபீஸ் போனாள். அங்கே சீஃப் தயாராக நின்றிருந்தார்.

"மேடம், திங்கட்கிழமை டிராயிங்ல உங்க கையெழுத்து விழணும். அச்சு வெட்ட ஆரம்பிச்சுட்டா அப்புறம் ஒரு ஓட்டை கூட மாத்திப் போட முடியாது, தெரியும்ல?"

"தெரியும் சார்."

"வீட்ல மாமனார் உக்கார்றாரில்ல? எப்படி இருக்காம்?"

"உக்கார்றார்" என்றாள்.

"நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. போட்டோவோட விளம்பரத்துல போட்டுடலாம். நெத்தியில என்ன?"

"கதவு இடிச்சுது."

பொய் சொன்னதற்கும் சேர்த்து மாமனார் மேல் கோபம் கோபமாக வந்தது. நாற்பது வீட்டில் கேட்டு, ராத்திரி பகல் பார்க்காமல் வரைந்து, வெல்டரிடம் திட்டு வாங்கிச் செய்த பொருள். ஊரார் உட்காரப் போகிறார்கள், சொந்த வீட்டு மனுஷனுக்கு மட்டும் என்ன கேடு?

சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மாஸ்டர் அதை எடுத்துப் போட்டான். கொடியில் தொங்கிய போர்வைகளுக்கு அந்தப்பக்கம்தான் அப்பாவின் கட்டில். குரலைத் தாழ்த்த வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

"ஒரு ஹோம் பாத்திருக்கேன். நம்ம ஹெட்மாஸ்டரோட அம்மா அங்கதான் இருந்தாங்க. ரெண்டு ஆளுங்க தூக்கிட்டுப் போய்க் குளிப்பாட்டுவாங்களாம்."

அத்தை கையிலிருந்த கரண்டி பாத்திரத்தில் விழுந்தது. "என்னடா பேசறே?"

"பின்ன என்னம்மா செய்யச் சொல்றே? உன்னால தூக்க முடியல. இவளை அடிக்கறார். நான் தொட்டா கட்டில் கம்பியைப் பிடிச்சுட்டு விடமாட்டேங்கறார். முதுகு புண்ணானா யாரு பொறுப்பு?"

"நீ குளிப்பாட்டிப் பாத்தியாடா ஒரு நாளாவது? எட்டி நின்னு விசில் ஊதறதோட சரி!"

"சண்டே சண்டே நான்தானேம்மா ஷேவ் பண்ணி விடறேன்!"

"ஆமா, கன்னத்துல நாலு கோடு போட்டு விடறே. பெருசா பேச வந்துட்டான்."

"நாளைக்கு ஒரு நாள் பாப்போம். உன் மருமக நாற்காலியில அவர் ஒழுங்கா உக்காந்து குளிச்சா சரி. இல்லேன்னா திங்கட்கிழமை ஹோமுக்குப் போன் பண்றேன். இதுக்கு மேல என்னால முடியாது."

"என் நாற்காலியை ஏங்க இழுக்கறீங்க?" என்றாள் மருமகள்.

"நீதானே ஊரு பூரா மனசைப் படிக்கறவ. இவர் மனசைப் படியேன் பாப்போம்!"

அது சுருக்கென்று தைத்தது. சாப்பிட்ட தட்டை எடுத்துப்போய்த் தொட்டியில் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. போர்வைகளுக்கு அந்தப்பக்கம் மட்டும் எந்தச் சத்தமும் இல்லை. இருமல்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை இன்னும் கனத்துப் பெய்தது. அத்தை இடுப்பில் பட்டி கட்டிக்கொண்டு வெந்நீர் வைத்தாள். மாஸ்டர் அரைக்கால் சட்டையோடு களத்தில் இறங்கினான். கட்டிலில் இருந்து அப்பாவை அலாக்காகத் தூக்கி நாற்காலியில் வைத்தான். மருமகள் பெல்ட்டை மாட்டினாள். டிரைவர் அவளைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தாடை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"ரெடி? ஒன், டூ…" என்று மாஸ்டர் தள்ளினான்.

குளியலறைத் தரை தண்ணீர் போவதற்காக உள்பக்கமாகச் சரிந்திருக்கும். வாசலைத் தாண்டியதும் நாற்காலி தானாக அரையடி ஓடியது. ஓடிய அந்தக் கணத்தில் டிரைவரின் இடது கை மறுபடி தொப்பென்று பக்கவாட்டில் விழுந்து, எதையோ பிடித்து இழுப்பதுபோல வெடுக்கென்று மேலே வந்தது. இந்த முறை சிக்கியது மாஸ்டரின் மேல்சட்டை. பட்டன்கள் தெறித்தன. அவன் பாதம் பின்னாலிருந்த பிரேக் பெடலைத் தேடி மிதிப்பதற்குள் சக்கரம் வாளியில் இடித்து, வெந்நீர் கவிழ்ந்து, அத்தை "ஐயோ காலு!" என்று குதித்தாள்.

"போதும்!" என்று மாஸ்டர் கத்தினான். "போதும்டா சாமி! வேணும்னே பண்றார். முடிஞ்சுது. நாளைக்குப் போன் பண்றேன்."

பெல்ட்டைக் கழற்றி, வந்த வழியே தூக்கிக்கொண்டு போய் அப்பாவைக் கட்டிலில் உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்துவிட்டு, கிழிந்த சட்டையைக் கழற்றி மூலையில் எறிந்தான்.

மருமகளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஈரக் குளியலறையில் நின்ற நாற்காலியைப் பார்த்தாள். என்னதான் கோளாறு இதில்? விடுவிடுவென்று போய் அதில் உட்கார்ந்தாள். பெல்ட்டையும் இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"பாருங்க மாமா!" என்று வாசல் வழியாகக் கத்தினாள். "நான் உக்காந்திருக்கேன், பாருங்க! முள்ளு குத்துதா? தேள் கொட்டுதா? எத்தனை வீட்டுக்கு ஆகப்போற நாற்காலி, உங்களுக்கு மட்டும் ஆகாதா? பேசாம இருந்தே எல்லாரையும் கொல்றீங்களே, வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்!"

பேசிக்கொண்டே இருந்தவளின் பின்னால் அத்தை வந்தாள். கவிழ்ந்த வாளியை எடுக்க வழியில்லை. "கொஞ்சம் ஒத்திக்கோ" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் நாற்காலியை ஒரு தள்ளு தள்ளினாள்.

சின்னத் தள்ளுதான். ஆனால் சரிந்த தரையில் சக்கரம் வழுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து ஓடியது. மருமகள் காலை ஊன்றப் பார்த்தாள். உயர்த்தி வைத்த இருக்கை, பாதம் தரைக்கு எட்டவில்லை. எழப் பார்த்தாள். பெல்ட் விடவில்லை. பின்பக்கமாகச் சாய்ந்த இருக்கை அவளை மல்லாத்தி வைத்திருந்தது. கை தன்னால் பக்கவாட்டில் போய்த் துழாவியது. ஈரக் குழாய்தான் கிடைத்தது. சுவருக்கு ஒரு சாண் முன்னால் அத்தை நாற்காலியின் முதுகைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏன் இப்படி வெளிறிப் போறே? நான் பிடிச்சுக்க மாட்டேனா?"

பிடித்துக்கொள்வாள்தான். அதைப் பற்றிச் சந்தேகமே இல்லை. ஆனாலும் மருமகளின் கை ஈரக் குழாயை விடவில்லை. ஆபீஸில் எத்தனையோ முறை இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். சமதளத் தரையில், செருப்புக் காலோடு, பெல்ட் மாட்டாமல், வெல்டரோடு சிரித்துப் பேசிக்கொண்டு.

நாற்பது வீடுகள் என்று மார்தட்டிக்கொண்டாளே. ஒரு வீட்டில் ஒரு அம்மாள் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். இவள் கேள்வி கேட்டபோது அவர் கையை ஊன்றி எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அவங்களுக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாது மேடம், நான் சொல்றேன் எழுதிக்கோங்க" என்றான் மகன். இவளும் எழுதிக்கொண்டாள். எல்லா வீட்டிலும் அப்படித்தான். தூக்குகிறவர் சொன்னார், தள்ளுகிறவர் சொன்னார், குனிகிறவர் சொன்னார். பயமா இருக்கு என்று சொன்னதுகூட அவர்கள்தான். உட்காருகிறவருக்கு எதில் பயம் என்று எந்த வீட்டிலும் அவள் கேட்கவில்லை. இந்த வீட்டிலும் கேட்கவில்லை.

கோபம் போகவில்லை. யார்மேல் என்றுதான் தெரியாமல் சுற்றியது. பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்க் கட்டிலுக்கு எதிரே நிறுத்தி அதிலேயே உட்கார்ந்தாள்.

"மாமா, இந்தப் பக்கம் திரும்புங்க."

டிரைவர் சுவரைப் பார்த்தார்.

"திரும்புங்கன்னு சொல்றேன்ல! உங்களுக்கு என்ன வேணும்? இந்த நாற்காலியில என்ன இருந்தா நீங்க உக்காருவீங்க? நீங்க சொல்ற வரைக்கும் நான் இங்கேர்ந்து எந்திரிக்கப் போறதில்ல. ஆபீஸ் இல்ல, சமையல் இல்ல, ஒண்ணும் இல்ல."

"வெந்நீர் சூடு தாங்கல அவருக்கு" என்றாள் அத்தை.

"அத்தை, நான் அவரைக் கேட்டேன்."

"வம்புக்குன்னே பண்றார், அவரைப் போய்க் கேட்டுக்கிட்டு…" என்று மாஸ்டர் ஆரம்பித்தான்.

"அவரைக் கேட்டேங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவன் இரண்டடி பின்வாங்கினான். அந்த வீட்டில் அவனை யாரும் அப்படி விசில் ஊதி நிறுத்தியதில்லை. "ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. அவரு எவ்வளவு நேரம் எடுத்தாலும் சரி."

மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. கொடியிலிருந்து ஒரு போர்வை தரையில் சொட்டியது. அடுப்பில் டீ பொங்கி வழிகிற வாசனை வந்தது. அத்தை திரும்பிப் பார்த்தாளே தவிர நகரவில்லை.

டிரைவர் மெல்லத் திரும்பினார். கண்கள் சிவந்திருந்தன. அது அழுகை இல்லை. இத்தனை மாதம் விழுங்கியதெல்லாம் அங்கே நின்றுகொண்டிருந்தது. உதடு கோணியது. நாக்கு ஒரு பக்கமாகப் புரண்டது. காற்று மட்டும் வந்தது.

மாஸ்டர் மூச்சை இழுத்தான். அவள் பார்க்காமலே கையை உயர்த்தினாள். அவன் மூச்சை விட்டான்.

"நீ…ங்க" என்றார் டிரைவர். எச்சில் வழிந்தது. யாரும் துடைக்கவில்லை. "நீங்க… தள்…றீங்க."

அவள் தலையாட்டினாள்.

"எங்க… போகுது… உங்களுக்குத்… தெரியும். எப்போ… நிக்கும்…"

இடது கை கட்டில் விளிம்புக்குக் கீழே தொப்பென்று இறங்கியது. விரல்கள் காற்றில் எதையோ சுற்றி மூடின. வெடுக்கென்று மேலே இழுத்தன. சேலையைப் பிடித்த கை, சட்டையைக் கிழித்த கை. பஸ்ஸில் அந்தக் கைக்குப் பக்கத்தில் என்ன இருக்கும் என்று அவளுக்கு அப்போது தெரிந்துவிட்டது. சொல் நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்து அதை உள்ளேயே நிறுத்தினாள். இத்தனை நாளாக எல்லாரும் அவர் வாயிலிருந்து பிடுங்கியது போதும்.

டிரைவரின் கழுத்து நரம்பு புடைத்தது. முகம் கோபத்தில் கன்றியது. உடம்பில் மிஞ்சியிருந்த பாதியை எல்லாம் நாக்குக்குத் திரட்டிக்கொண்டு, மருமகளைப் பார்த்து, அந்தக் காலத்தில் பஸ் படியில் தொங்குகிறவர்களை அதட்டிய அதே குரலில் சொன்னார்:

"பிரேக்கை… என் கையில… குடு!"